சிடி மங்கலா கேட்குதா?

ஆடிக் காத்துக்குப் பாளையங்கோட்டையில புழுதி புகாத அலமாரி கிடையாது. அதனால புது ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) வாங்கக் கிளம்பறதுக்கு முன்னாடி சிடியைத் துடைங்க. மெல்லிய துணியால நடுவிலிருந்து விளிம்புக்கு நேரா. வட்டமா தேய்ச்சா கீறல் பாட்டு பதிஞ்ச தடத்தோடவே ஓடும், பிளேயரால அதைச் சரிக்கட்ட முடியாது.

அடுத்தது ஸ்பீக்கர். சுவரை விட்டு 2 அடி முன்னால இழுங்க. சிமெண்ட் தரை சத்தத்தைத் திருப்பி அடிக்கும். எதிரே கனத்த ஜமுக்காளம் விரிங்க. (பத்தமடைப் பாய் அழகுதான், இதுக்கு ரொம்ப மெல்லிசு.)

காருகுறிச்சி அருணாசலத்தோட பழைய மோனோ பதிவு (ரெண்டு ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம் வர்றது) ஒண்ணு போடுங்க. நாகஸ்வரம் ரெண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவே நிக்கணும். எங்கேன்னே தெரியாம பரவிக் கேட்டா, ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு, கறுப்பு ஒயர் மாறியிருக்கும். எங்க வீட்டில் ஆறு மாசம் அப்படித்தான் ஓடுச்சு!