பழங்காலத்தைத் திரையில் காட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் குறும்படம் எடுக்க முனையும் இளைஞர்கள் பலரிடம் சங்ககாலக் கதை ஒன்றாவது இருக்கிறது. பண்டைத் துறைமுகமான அரிக்கமேடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அந்த ஆசை எழுவது இயல்பு. அது வரவேற்க வேண்டிய ஆசையும்கூட. ஆனால் பெரும் பொருட்செலவில் எடுக்கப்பட்ட படங்களையே பார்த்துப் பழகிய கண், அவற்றின் அழகோடு பிழைகளையும் சேர்த்தே கற்றுக்கொண்டுவிடுகிறது.

அவற்றுள் தலையாயது, பழங்காலம் முழுவதையும் ஒரே காலமாக எண்ணிக்கொள்வது. அரிக்கமேட்டுத் துறை செழித்திருந்த கி.பி. முதலாம் நூற்றாண்டுக்கும் முதலாம் இராசராசன் அரியணை ஏறிய 985ஆம் ஆண்டுக்கும் இடையே ஒன்பது நூற்றாண்டுகளுக்கு மேல் கழிந்திருக்கின்றன. இராசராசனிடமிருந்து நாம் நிற்கும் தொலைவும் ஏறத்தாழ அவ்வளவே. அப்படியிருந்தும் சங்ககால மன்னனுக்குப் பின்னால் வானளாவிய கற்கோபுரத்தை நிறுத்தத் திரையுலகம் தயங்குவதில்லை. விழுப்புரம் மாவட்டத்திலுள்ள மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இல்லாமல் இக்கோயிலை அமைத்ததாக ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் கல்வெட்டில் பொறித்து வைத்தான் என்றால், அதுவரை எவற்றைக் கொண்டு கட்டினார்கள் என்பது அதிலிருந்தே விளங்கும். சங்ககால நகரத்தைச் செங்கல், மரம், மண்சுவர், கூரை வேய்ந்த வீடுகள் ஆகியவற்றைக் கொண்டு காட்டுவதே பொருந்தும், செலவும் குறையும்.

இடத்தேர்விலும் இதே பிழை நேர்கிறது. அரிக்கமேட்டில் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இன்று இடிந்து நிற்கும் செங்கற் சுவர்களைப் பார்ப்பவர்கள், அவை ஈராயிரம் ஆண்டுப் பழமையானவை என்று நம்பிக் கேமராவைத் திருப்பிவிடுகிறார்கள். அவை 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கிறித்தவ மறைப்பணியாளர்கள் எழுப்பிய கட்டடத்தின் எச்சங்கள். பண்டைய குடியிருப்பு மண்ணுக்கு அடியில் இருக்கிறது. அங்கே கிடைத்த பொருள்கள் பலவற்றைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். கதை எழுதுவதற்கு முன்பே அங்கே சென்று பானை ஓடுகளை ஒவ்வொன்றாக நிதானமாகப் பார்ப்பது மிகவும் பயன்படும்.

யவனர்களை, அதாவது கிரேக்க, ரோமானிய நாட்டவரைக் காட்டும் முறையில்தான் பிழை மிகுதி. 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது இத்தாலிய மெருகிட்ட மண்கலங்களும் இருகைப்பிடிச் சாடிகளும் கிடைத்ததால், இவ்விடத்தை அவர் இந்தோ-ரோமானிய வணிகத்தளம் என்று எழுதினார். திரைக்கதைகள் அந்தத் தொடரைப் பற்றிக்கொண்டு, பளிங்குத் தூண்களும் நீண்ட வெண்போர்வை அணிந்த அதிகாரிகளும் நிறைந்த ரோமானியக் குடியேற்றமாகவே புதுச்சேரியை வரைந்துவிடுகின்றன. 1989 முதல் 1992 வரை இங்கே மீண்டும் அகழாய்வு நடத்திய விமலா பெக்லி குழுவினரின் ஆய்வு, ரோமானியத் தொடர்புக்கு முன்பே இங்கு ஊர் இருந்ததையும், அத்தொடர்பு தளர்ந்த பின்னும் வாழ்க்கை தொடர்ந்ததையும் காட்டியது. உருள்சக்கரப் புள்ளி வரிசைகள் கொண்ட கலங்களை ஒருகாலத்தில் அயலகச் சரக்கு என்றே கருதினார்கள். அவை இந்திய மண்ணில் வனையப்பட்டவை என்பது பின்னர்த் தெளிந்தது. முல்லைப்பாட்டில் வரும் யவனரோ, மெய்ப்பை என்னும் சட்டை அணிந்து தமிழ் மன்னனின் பாசறையைக் காக்கும் காவலர்கள். நம் மண்ணில் அவர்களை ஆண்டவர்களாகக் காட்டுவதற்குச் சான்றில்லை. ஊதியம் பெற்றவர்களாகவும் பண்டம் கொண்டுவந்தவர்களாகவும் காட்டுவதே முறை. பொன்னொடு வந்து மிளகொடு திரும்பும் மரக்கலத்தை அகநானூறு காட்டுவதும் மேற்குக் கடற்கரை முசிறியில்தான். அக்காட்சியை அப்படியே பெயர்த்து இங்கே வைக்கக் கூடாது.

வீலர் கண்டெடுத்த அந்த இருகைப்பிடிச் சாடியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மதுவும் எண்ணெயும் மீன்சாறும் கொண்டுவந்த அந்தச் சாடிகளில் பெரும்பாலானவற்றின் அடிப்பகுதி குவிந்து கூர்மையாக முடியும். தரையில் வைத்தால் தானாக நிற்காது. கப்பலின் அடித்தளத்தில் ஒன்றோடொன்று நெருக்கி அடுக்குவதற்கும், கரையில் மணலில் ஊன்றி வைப்பதற்கும் ஏற்ற வடிவம் அது. கலை இயக்குநர்கள் அதற்குத் தட்டையான அடியை ஒட்டி, மேசைமேல் பூச்சாடிபோல நிறுத்திவிடுகிறார்கள். மணலில் ஊன்றிய சாடியைத் தொழிலாளி ஒருவர் இரு கைப்பிடிகளையும் பற்றி அசைத்துப் பிடுங்கித் தோளில் ஏற்றும் காட்சி அரை நிமிடம் வந்தால் போதும், துறைமுகம் உயிர்பெற்றுவிடும்.

இதைவிடப் பெரிய இழப்பு, மணி செய்தவர்களை மறந்துவிடுவது. அரிக்கமேடு முதன்மையாக ஒரு தொழிலூர். சூதுபவளம், அகேட், செவ்வந்திக்கல் ஆகியவற்றை உடைத்து, தேய்த்து, துளையிட்டு, மெருகேற்றினார்கள். பாதி வேலையில் நின்றுபோன கற்களும் மண்ணிலிருந்து கிடைத்திருக்கின்றன. உருகிய கண்ணாடியை நீண்ட குழாயாக இழுத்து, சிறுசிறு துண்டுகளாக நறுக்கி, மீண்டும் சூடேற்றி முனைகளை மழுக்கினார்கள். இதே மரபைச் சேர்ந்த தொழில் அண்மைக் காலம் வரை ஆந்திரத்தின் பாப்பநாயுடுபேட்டையில் தொடர்ந்தது. அரசனும் காதலியும் மட்டுமே நிறைந்த கதையில் இந்த உலைக்கு இடமே இல்லாமல் போவது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது.

செடிகொடிகளும் காட்டிக்கொடுத்துவிடும். நம் கடற்கரையெங்கும் காணும் சவுக்குத் தோப்புகள் 19ஆம் நூற்றாண்டில் பரவியவை. நெய்தல் நிலத்துக்குப் புன்னையும் தாழையும் வேண்டும். வேலியில் தொங்கும் காகிதப்பூவும் பண்ருட்டி முந்திரியும் தென்னமெரிக்கப் பிறப்புடையவை. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை ஆகிய எவையும் வாஸ்கோ ட காமா வந்த 1498க்கு முன் இங்கே இல்லை. ஆகவே சங்ககால அடுக்களையில் மிளகும் புளியும் இருக்கலாம், சிவந்த மிளகாய்க் குவியல் இருக்கக் கூடாது. குதிரை வீரரின் கால்களை இரும்பு அங்கவடியில் வைக்காதீர்கள்; அக்கால ரோமானியரிடம்கூட அது இருந்ததில்லை. ஓலையிலோ பானையிலோ எழுத்தைக் காட்டுவதானால் தமிழ் பிராமியில் எழுதுங்கள். அரிக்கமேட்டு ஓடுகளிலேயே அது இருக்கிறது. 1978இல் அரசு ஏற்ற சீர்திருத்த எழுத்து அரசனின் ஓலையில் வருவது எந்தக் கதைக்கும் பொருந்தாது.

இவ்வளவு கட்டுப்பாடு இருந்தால் கற்பனைக்கு என்ன மிஞ்சும் என்று கேட்கிறார்கள். நிறையவே மிஞ்சும். மணி துளைத்தவரின் பெயர் என்ன, அவர் யாரிடம் கடன்பட்டார், மகளுக்கு அந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தாரா, யவனக் காவலரோடு எப்படிப் பேசிப் புரியவைத்தார் என்பவற்றைப் பற்றி ஓடுகள் ஒன்றும் சொல்வதில்லை. அவற்றை எழுதும் உரிமை முழுவதும் திரைக்கதை ஆசிரியருடையது.