புது ரயர் போட்டதும் சில்லு ஆடுதா? ஸ்போக்கில கை வைக்க முதல் இதைப் பாருங்கோ

2022 பெற்றோல் தட்டுப்பாட்டுக்குள்ள கொழும்பில கனபேர் சைக்கிளுக்கு மாறினவை, அப்ப வாங்கினதும் வீட்டு மூலையில கிடந்து தூசு தட்டி எடுத்ததும் எண்டு எத்தினையோ சைக்கிள் இப்ப ரயர் மாத்துற வயசுக்கு வந்திட்டுது. புது ரயர் போட்டு ஏறி ஓடினா ஒவ்வொரு சுத்துக்கும் சீட்டுக்குக் கீழ தொம் தொம் எண்டு ஒரு தூக்கல், குனிஞ்சு பாத்தா ரயர் அங்கயும் இங்கயும் நெளியுது. உடன கனபேர் செய்யிற வேலை ஸ்போக் சாவியைத் தூக்கிறதுதான், இல்லாட்டி கடைக்குக் கொண்டுபோய் "ரிம் கோட்டம் எடுங்கோ" எண்டு சொல்லுறது. அதுதான் பெரிய பிழை. நேரா இருக்கிற ரிம்மை ரயரின்ர ஆட்டத்துக்காக முறுக்கினா ரயரும் ஆடும், ரிம்மும் கோணும், பிறகு ரெண்டுக்கும் காசு.

முதல்ல ஆடுறது எது எண்டு கண்டுபிடிக்க வேணும். சைக்கிளைக் கவிழ்த்து வச்சு சில்லை மெதுவா சுத்தி விட்டு, ரயரைப் பாக்காம ரிம்மை மட்டும் பாருங்கோ, பிறேக் கட்டைக்கும் ரிம்முக்கும் இடையில உள்ள இடைவெளி சுத்து முழுக்க ஒரே அளவா இருந்து, ரிம்மின்ர விளிம்பு மேலயும் கீழயும் ஏறி இறங்காமலும் இருந்தா ரிம்மில கோட்டம் இல்ல. டிஸ்க் பிறேக் சைக்கிளெண்டா ஒரு ஈர்க்குத் துண்டை ஃபோர்க்கோட சேத்துப் பிடிச்சு நுனியை ரிம்முக்குக் கிட்டக் கொண்டு போங்கோ, அதே வேலைதான். இடைவெளி கூடிக் குறைஞ்சா ரிம் கோட்டம், அது அநேகமா பழைய ரயரோடயே இருந்திருக்கும், நீங்க இப்பதான் கவனிச்சிருப்பியள். ரிம்மைக் கையால பிடிச்சு இடது வலதா ஆட்டேக்க கடகட எண்டா சில்லின்ர நடுக் குடத்துக்குள்ள அச்சில இருக்கிற கோன் லூஸ், அது வேற கதை.

ரிம் நேர், ரயர்தான் ஆடுது எண்டா, ரயரின்ர பக்கச் சுவரில ரிம்முக்குக் கொஞ்சம் மேல சுத்திவர ஒரு மெல்லிய கோடு இருக்கும் பாருங்கோ, அதைக் கனபேர் டிசைன் எண்டு நினைக்கினம். அந்தக் கோடு அங்க இருக்கிறதே ரயர் சரியா உக்காந்திட்டுதோ எண்டு பாக்கத்தான். ரிம் விளிம்பில இருந்து கோடு எல்லா இடத்திலயும் ஒரே உயரத்தில தெரிய வேணும், ரெண்டு பக்கமும். ஒரு இடத்தில கோடு ரிம்முக்குள்ள தாண்டு காணாமப் போனா அந்த இடத்தில ரயர் இன்னும் ரிம்மின்ர நடுக் குழிக்குள்ள கிடக்குது, தூக்கல் வாறது அதாலதான். மாறி ஒரு இடத்தில கோடு மற்ற இடங்களை விட உயந்து நிண்டா ரயர் ரிம்மை விட்டு வெளிய ஏறப் பாக்குது எண்டு அர்த்தம், அதுதான் ஆபத்தான பக்கம். போன் ரோச்சை அடிச்சுக்கொண்டு ஒரு முழுச் சுத்து பாருங்கோ, ஒரு நிமிசம் கூட எடுக்காது.

இனி எல்லாரும் விடுற அடுத்த பிழை, "இன்னும் கொஞ்சம் காத்தடிச்சா சரியாகிடும்" எண்டு அடிச்சுக்கொண்டே போறது. கோடு தாண்டு கிடக்கிற ரயருக்கு அது சிலவேளை சரிவரும், ஆனா உயந்து நிக்கிற ரயருக்கு அடிச்சா ரியூப் அந்த இடத்தால பிதுங்கி வெடிக்கும், காதுக்குப் பக்கத்தில துவக்கு வெடிச்ச மாதிரி. முதல்ல காத்து முழுக்கத் திறந்து விடுங்கோ. ரயரின்ர ரெண்டு பக்க விளிம்பையும் சுத்திவர விரலால அமத்தி ரிம்மில இருந்து விலத்தி, ரியூப் எங்கயாவது விளிம்புக்குக் கீழ மாட்டுப்பட்டுக் கிடக்குதோ எண்டு பாருங்கோ. பிறகு சவர்க்காரத் தண்ணி. ஒரு கோப்பையில சன்லைட் சவர்க்காரத்தைக் கரைச்சு, துணியைத் தோய்ச்சு, ரயர் விளிம்பு ரிம்மில உக்காருற இடம் முழுக்க ரெண்டு பக்கமும் தடவுங்கோ, தாண்டு கிடந்த இடத்துக்கு கொஞ்சம் கூடவே. 10, 15 பி.எஸ்.ஐ அளவு காத்து மட்டும் அடிச்சு, ரயரை ரெண்டு கையாலயும் பிடிச்சு முன்னுக்குப் பின்னுக்கு உருட்டி உருட்டிக் கோட்டைச் சமப்படுத்துங்கோ. சமமா வந்த பிறகு மெதுமெதுவா ரயரின்ர பக்கத்தில அடிச்சிருக்கிற ஆகக்கூடிய அளவு வரைக்கும் ஏத்துங்கோ, ரிம்மில அதை விடக் குறைவா ஒரு எல்லை போட்டிருந்தா அந்தக் குறைஞ்ச அளவோட நிப்பாட்ட வேணும். இடையில டக் எண்டு ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தத்தோட தாண்டு கிடந்த கோடு எழும்பி மேல வரும். கோடு சரியானதும் காத்தை ஓடுற அளவுக்கு இறக்குங்கோ.

சவர்க்காரத்துக்குப் பதிலா தேங்காய் எண்ணெய், கிறீஸ், மண்ணெண்ணெய் எதையும் பூசாதேங்கோ. மண்ணெண்ணெயும் கிறீசும் ரப்பரைக் கெடுக்கும், தேங்காய் எண்ணெய் காயாது, பிறேக் பிடிக்கேக்க ரயர் ரிம்மில வழுக்கி நகந்து ரியூபையும் இழுத்து வால்கட்டை, அதுதான் காத்தடிக்கிற வால்வு, அடியோட கிழியும். சவர்க்காரத் தண்ணி காஞ்சதும் பிடிச்சிடும், அதுதான் அதின்ர நல்ல குணம்.

வால்கட்டை எண்ட உடன இதையும் சொல்ல வேணும், ஏனெண்டா ஆட்டம் சரியா வால்கட்டைக்குப் பக்கத்தில இருந்தா காரணம் அநேகமா இதுதான். ரியூபைப் போட்டதும் வால்கட்டை நட்டை இறுக்கி முடிச்சுப்போட்டு ரயரை ஏத்தினா, வால்கட்டையின்ர அடியில தடிப்பா இருக்கிற ரப்பர் ரயர் விளிம்புக்குக் கீழ மாட்டுப்பட்டு அந்த இடத்தில ரயரை உக்கார விடாது. நட்டை முதல்ல இறுக்காதேங்கோ. ரயரை ஏத்தின பிறகு வால்கட்டையை உள்ளுக்கு ஒருக்கா தள்ளி, திருப்பிக் கீழ இழுத்து, கொஞ்சம் காத்தடிச்சு, கோடு சரியெண்டு பாத்த பிறகு நட்டு, அதுவும் விரலால மட்டும்.

பெற்றோல் ஷெட்டில வாகனத்துக்கு அடிக்கிற கொம்பிரசரால அடிக்கிறதையும் விடுங்கோ, புது ரயருக்காவது. சைக்கிள் ரியூபுக்குள்ள போற காத்து கொஞ்சம்தான், ரெண்டு மூண்டு செக்கனுக்குள்ள எல்லை தாண்டிடும், இடையில நிப்பாட்டிக் கோட்டைப் பாக்க நேரமே இராது. கைப் பம்தான் நல்லது. பழைய கரியல் சைக்கிளில இருக்கிற சின்ன ரப்பர் குழாய் போட்ட வால்கட்டையில கேஜ் சரியான அளவைக் காட்டாது, அதில கோட்டையும் பெருவிரல் அமத்தலையும்தான் நம்ப வேணும்.

எவ்வளவு செய்தும் கோடு சமப்படேல்ல எண்டா அளவைப் பாருங்கோ, இதைக் கடைக்காரரே சிலவேளை கவனிக்கிறேல்ல. 26, 28 எண்டு அங்குலத்தில கேட்டு வாங்கிறது போதாது. முக்கியமானது ரயர் விளிம்பு ரிம்மில உக்காருற வட்டத்தின்ர விட்டம். 28 எண்ட பேரில அநேகமா ரெண்டு அளவு வரும், பழைய கரியல் சைக்கிளின்ர 28 x 1 1/2 ரயர் 635 மில்லிமீற்றர், 700சி எண்ட மற்றது 622. 635 ரயரை 622 ரிம்மில போட்டா சுகமா ஏறும், 13 மில்லிமீற்றர் தொளதொளப்பு, என்ன செய்தாலும் நேரா உக்காராது, காத்து ஏற ஏற வெளிய பாயும். 27 x 1 1/4 ரயர் 630, அதையும் 622 ரிம்மில போடுற ஆக்கள் இருக்கினம். 26 இலயும் 559 இருக்குது, 590 இருக்குது, 597 இருக்குது. ரயரின்ர பக்கத்தில 37-590 மாதிரி ஒரு சோடி எண் அடிச்சிருக்கும், ரெண்டாவது எண்தான் அந்த விட்டம், அது பழைய ரயரிலயும் புது ரயரிலயும் ஒண்டா இருக்க வேணும். புறக்கோட்டைக்குப் போகேக்க பழைய ரயரின்ர அந்த எண்ணைப் போனில படம் பிடிச்சுக்கொண்டு போங்கோ, லீவர் இல்லாமக் கையாலயே லேசா ஏறின புது ரயரில சந்தோசப்படாம எண்ணைப் பாருங்கோ.

ரிம்முக்குள்ள ஸ்போக் தலையை மறைக்கிற பட்டி ஒரு பக்கம் விலகி ரயர் உக்காருற இடத்தில ஏறியிருந்தாலும் இதே ஆட்டம் வரும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடற்காத்து படுற வீடுகளில இரும்பு ரிம் உள்ளுக்குத் துரு ஏறிப் பொருக்குக் கட்டியிருக்கும், அதை உப்புத்தாளால தேச்சுத் துடைக்காம ரயர் போட்டா விளிம்பு சமமா உக்காராது.

கடைசிச் சந்தேகம் ரயரே குறைபாடோ எண்டது. மடிச்சு முறுக்கிக் கட்டி வச்ச ரயரில உள்ளுக்கு ஓடுற இரும்புக் கம்பி ஒருக்கா மடிஞ்சா அது திரும்ப நிமிராது. ஆட்டம் வாற இடத்தில ரயரிலயும் ரிம்மிலயும் சோக்கால ஒரு கோடு போட்டுட்டு, ரயரைக் கழட்டி ரிம்மில அரைச் சுத்து திருப்பிப் போடுங்கோ. ஆட்டம் ரயரின்ர சோக் கோட்டோட போச்சுதெண்டா ரயர் பிழை, ரிம்மின்ர கோட்டிலயே நிண்டா ரிம் பிழை. கடைக்காரரோட வாதாட இதை விட நல்ல சாட்சி இல்ல, பில்லையும் எடுத்துக்கொண்டு, றோட்டில ஓடி ஊத்தையாக்க முதல் கொண்டுபோங்கோ. மலிவான ரயரில சுத்திவரக் கோடு சரியா இருந்தும் றோட்டில படுற மேல்பட்டை மட்டும் ஒண்டு ரெண்டு மில்லிமீற்றர் நெளிஞ்சு தெரியும், அது செய்யேக்கயே வந்தது, ஃபோர்க்கிலயோ பிறேக்கிலயோ உரசாட்டி அப்பிடியே ஓடலாம்.

எல்லாம் சரியாகி ஓடத் தொடங்கினாலும் முதல் நாள் ஒழுங்கைக்குள்ளயே ஒரு சுத்து ஓடிப்போட்டு வந்து கோட்டைத் திரும்பப் பாருங்கோ. பக்கச் சுவரில எங்கயாவது முட்டை மாதிரி வீங்கியிருந்தா உள்ளுக்கு நூல் அறுந்திட்டுது, அதுக்கு சவர்க்காரமும் இல்ல, பம்மும் இல்ல. அந்த ரயரோட காலி வீதியில பஸ்சுக்குப் பக்கத்தில இறங்காதேங்கோ, கழட்டி மாத்துங்கோ.