கிளாமைப் பிடுங்காதீர்கள்: ராட்சதச் சிப்பி வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிக்கு, அதாவது ரீஃப் தொட்டிக்கு, புதிதாக வந்தவர்கள் கிளாம் என்னும் ராட்சதச் சிப்பியை வாங்கியதும் படம் அனுப்புவார்கள். நீலமும் பச்சையுமாக அவ்வளவு அழகாக இருக்கும். சில நாளில் அதே கிளாம் வாய் பிளந்து கிடக்கிறது என்று செய்தி வரும். உப்பு அளவு, தொட்டியைப் பழக்குவது எல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பாறையிலிருந்து பிடுங்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது. கிளாமின் அடியில், கீல் பக்கம் ஒரு திறப்பு உண்டு. அதன் வழியே மெல்லிய நார்களை விட்டுப் பாறையைப் பற்றிக்கொள்ளும். நாரைச் சுரக்கும் சுரப்பி உடம்போடு சேர்ந்தது. பிடித்து இழுத்தால் சுரப்பியும் கிழிந்து வந்துவிடும். அன்றைக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, ஓட்டுக்கு வெளியே தெரியும் வண்ணச் சதையான மேன்டில்கூட விரியும். அப்புறம் சுருங்க ஆரம்பிக்கும். செத்தால் தொட்டித் தண்ணீரையும் கெடுத்துவிடும்.

இங்கே சிங்கப்பூரில், ஈசூனில் ஒரு தம்பி, வைத்த இடம் பிடிக்கவில்லை என்று தன் மேக்ஸிமா இனக் கிளாமை எடுத்து மாற்றினார். "லேசாத்தான் இழுத்தேன் அண்ணே, கையோட வந்துருச்சு" என்றார். திருப்பிப் பார்த்தால் அடியில் சதை தொங்கியது. காப்பாற்ற முடியவில்லை.

சில கடைகளிலும் நம் கண்ணெதிரே பிய்த்துத்தான் பையில் போடுகிறார்கள். அப்படித் தந்தால் வாங்காதீர்கள். அடிப்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

மெல்லிய பிளேடை விட்டு, பாறையை ஒட்டி நாரை மட்டும் அறுக்க வேண்டும். சுரப்பி நன்றாக இருந்தால் புது நார் வரும். குரோசியா என்ற இனம் பாறையைக் குடைந்து உட்கார்ந்திருக்கும், அதைப் பாறையோடு வாங்குவதே நல்லது. மற்றவற்றை முதலிலேயே ஒரு சின்னத் தட்டைக் கல்லில் உட்கார வையுங்கள். ஒட்டிக்கொண்டாலும் பிறகு கல்லோடு நகர்த்தலாம்.

முதல் நாளே முழு வெளிச்சம்

மேன்டிலுக்குள் வாழும் நுண்பாசிதான் கிளாமுக்கு முக்கிய உணவு தருகிறது, அதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும். ஆனால் கடையின் மங்கலான தொட்டியிலிருந்து வந்ததை நேராக எல்இடிக்குக் கீழே வைத்தால் வெளுத்துவிடும். குறைத்து வைத்து, வாரக்கணக்கில் ஏற்றுங்கள்.

சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாமல் வாங்குவது

வீவக அடுக்குமாடி வீட்டில் மதியம் தொட்டி 30 டிகிரியைத் தொட்டுவிடும். நம் தென்தீவுகளின் கடலும் வெதுவெதுப்புதானே என்பார்கள். சரி, ஆனால் கடல் இத்தனை வேகமாக ஏறி இறங்காது. 25 முதல் 27 டிகிரிக்குள் நிலையாக வையுங்கள்.

நத்தையைக் கவனிக்காதது

அரிசி போன்ற வெள்ளை நத்தைகள் இரவில் வந்து கிளாமின் சாற்றை உறிஞ்சும். விளக்கணைத்த பின் டார்ச் அடித்து ஓட்டின் விளிம்பையும் அடியையும் பாருங்கள். பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுங்கள்.

கடலிலிருந்து எடுத்து வருவது

கூடவே கூடாது. நம் கடலில் ஜைகாஸ் என்னும் மிகப் பெரிய கிளாம் இனம் ஏற்கெனவே அற்றுப்போய்விட்டது.

செம்பு மருந்து

மீனுக்கு நோய் வந்தால் மீனை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். கிளாம் இருக்கும் தண்ணீரில் செம்பு மருந்தை ஒரு சொட்டுகூட விடாதீர்கள்.