ஓக் சட்டகப் பண்ணை வீடு: பழுதுபார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் கென்ட், சசெக்ஸ் பக்கம் 15, 16-ஆம் நூற்றாண்டுப் பண்ணை வீடுகள் பலவற்றில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். இவற்றைப் பழுதுபார்ப்பவர்கள் செய்யும் தவறுகள் பெரும்பாலும், சுவர்தான் வீட்டைத் தாங்குகிறது என்ற நினைப்பிலிருந்தே வருகின்றன. தாங்குவது ஓக் மரச் சட்டகம். தூண்களுக்கு நடுவில் இருப்பது வெறும் அடைப்பு: கழிகளைப் பின்னி, களிமண், வைக்கோல், சாணம் குழைத்து அப்பி, மேலே சுண்ணாம்பு பூசியது.

இருப்பதிலேயே பெரிய தவறு, அந்த அடைப்பின் மேல் சிமென்ட் பூசுவது. மழை பெய்தால் மரத்துக்கும் அடைப்புக்கும் இடையே உள்ள இடுக்கில் தண்ணீர் நுழையத்தான் செய்யும். சுண்ணாம்பு அதை உறிஞ்சிக்கொண்டு, காற்று பட்டதும் வெளியே விட்டுவிடும். சிமென்ட் விடாது. மரமோ ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். விறைப்பான சிமென்ட் அதற்கு ஈடுகொடுக்காமல் ஓரத்தில் மயிரிழை அளவு விரிசல் விடும். அந்த வழியாக இறங்கும் தண்ணீர், தூண்களுக்கு அடியில் படுக்கையாகக் கிடக்கும் அடிமரத்தின் மேல் போய்த் தங்கும். தூண்களின் கழுந்துகள் (குழியில் செருகுவதற்காகச் செதுக்கிய முனைகள்) உட்கார்ந்திருப்பதே அந்த அடிமரத்தில்தான். வெளியே பூச்சு பளிச்சென்று இருக்கும். பெயர்த்துப் பார்த்தால் தூணின் கால் விரலால் நோண்டும் அளவுக்கு மக்கியிருக்கும். இடுக்கில் சிலிகான் அடைப்பதும், மரத்துக்கு பிளாஸ்டிக் பெயின்ட் அடிப்பதும் இதே கேட்டைத்தான் செய்யும்.

அப்புறம், கோணலை நிமிர்த்தும் ஆசை. அந்தக் காலத் தச்சர்கள் காயாத பச்சை ஓக்கில் வேலை செய்தார்கள். கழுந்தில் முளை இறங்கும் துளையைச் சற்றுத் தள்ளிப் போட்டு மர முளை அடித்தால், முளையே மூட்டை இறுக்கி இழுத்துக்கொள்ளும். கட்டி முடித்த பிறகுதான் மரம் காய்ந்து முறுக்கிக்கொண்டது. பல காலமாக அசையாமல் நிற்கும் சாய்வை ஜாக்கி வைத்துத் தூக்கினால் முளை ஒடியும், கழுந்து பிளக்கும். இன்னும் சாய்கிறதா என்று கண்காணித்த பிறகே கை வைக்க வேண்டும். புது ஆணி, போல்ட் போடுவதென்றால் சாதாரண இரும்பு வேண்டாம். ஓக்கின் டானிக் அமிலம் அதை அரித்துவிடும்.

தலை இடிக்கிறதென்று குறுக்கு உத்தரத்தை அறுத்துவிடாதீர்கள். கூரை இரண்டு பக்கமும் வெளியே தள்ளுவதைப் பிடித்து நிறுத்துவது அதுதான்.

கைமரங்களில் படிந்த கரியை மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்வது எனக்கு நிஜமாகவே வலிக்கும். புகைபோக்கி வருவதற்கு முன், கூடத்தின் நடுத்தரையில் நெருப்பு எரிந்தது, புகை கூரை வழியே போனது என்பதற்கு அந்தக் கரியே சாட்சி. பவ் பீச் நீர்த்தேக்கத்துக்காகப் பிரிக்கப்பட்டு, சசெக்ஸின் சிங்கிள்டன் அருங்காட்சியகத்தில் மறுபடி நிறுத்தப்பட்ட பேலீஃப் வீட்டில் அப்படியொரு கூடத்தைப் பார்க்கலாம். உத்தரத்தில் வெற்றுத் துளைகளைக் கண்டதும் 'பழைய கப்பல் மரம்' என்பார்கள். பெரும்பாலும் அவை அதே வீட்டில் முன்பு இருந்த தடுப்போ ஜன்னலோ நின்ற இடங்கள், அல்லது வேறொரு கட்டடத்திலிருந்து வந்த மரம். அடைக்காமல் விடுங்கள், எங்கே என்ன இருந்தது என்று அவற்றை வைத்தே கணிக்க முடியும்.