கண்ணாடி பதிக்கும் தையல்: முதல் வில்லையைத் துணியில் நிறுத்துவது எப்படி?

தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் வாழும் லம்பாடிப் பெண்களிடையே ஏறக்குறைய மறைந்துபோயிருந்த பரம்பரைத் தையல், மருத்துவர் லலிதா ரெஜியின் ஊக்கத்தாலும் பொர்கை என்னும் கைவினைஞர் அமைப்பின் உழைப்பாலும் மீண்டும் கைக்கு வந்திருக்கிறது. அந்தத் துணிகளைப் பார்க்கும் எவருக்கும் முதலில் எழும் கேள்வி, துளையே இல்லாத கண்ணாடி வில்லை நூலை மட்டும் பிடித்துக்கொண்டு எப்படி நிற்கிறது என்பதுதான். லம்பாடித் தையலின் பரப்பு மிகப் பெரியது; அதை ஒரு கட்டுரையில் அடக்க முடியாது. குஜராத்தின் கட்ச் முதல் பல பகுதிகளில் வழங்கிவரும் பொதுவான கண்ணாடிப் பதிப்பு முறையை மட்டும் இங்கே பார்ப்போம்.

இன்று தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் எம்பிராய்டரி என்றவுடன் பலர் கல்யாண ரவிக்கைக்கான ஆரி வேலையைத்தான் நினைக்கிறார்கள். அதற்குக் கொக்கி ஊசியும், துணியை இழுத்துக் கட்டும் மரச்சட்டமும், வேலைக்கென்று ஓர் இடமும் வேண்டும். மாலையில் அரை மணி நேரம் மட்டும் கிடைக்கிற ஒருவருக்குச் சாதாரண ஊசியே ஏற்றது என்பது என் கருத்து. பாதியில் மடித்து வைத்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போகலாம்.

தேவையான பொருள்கள் குறைவு. தையல் பொருள் கடையில் ஏறத்தாழ 2 செ.மீ. அகலமுள்ள வட்டக் கண்ணாடிகள், 15 செ.மீ. எம்பிராய்டரி ரிங், 6 அல்லது 7-ஆம் எண் எம்பிராய்டரி ஊசி, ஆறு இழைகள் சேர்ந்த பருத்தி எம்பிராய்டரி நூல் ஆகியவற்றை வாங்கிக்கொள்ளுங்கள். துணி, இழுத்தால் நீளாத பருத்தித் துணியாக இருக்கட்டும். கஞ்சி போகவும், பின்னால் சுருங்காமல் இருக்கவும் அதை முன்பே ஒருமுறை நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுவிடுங்கள். கண்ணாடியின் விளிம்பு கூராக இருந்தால் நூலை அறுத்துவிடும் என்பதால், உப்புத்தாளில் மெதுவாகத் தேய்த்துத் துடைத்துக்கொள்ள வேண்டும்.

முதற்படி, துணியை ரிங்கில் தளர்ச்சியின்றி இறுக்கி, கண்ணாடியை வைக்கும் இடத்தைப் பென்சிலால் குறிப்பது. தொடக்கத்தில் வில்லை நழுவிக்கொண்டே இருக்குமாதலால், அடியில் ஒரு துளி பெவிகால் வைத்து உலரவிடலாம். நூலை ஒரு முழத்துக்கு மேல் வெட்டாதீர்கள். நீளமான நூல் துணிக்குள் மீண்டும் மீண்டும் போய்வந்து பஞ்சுபோல் பிரிந்து சிக்கிக்கொள்ளும். ஆறு இழைகளில் மூன்றை மட்டும் பிரித்துக் கோத்து, நுனியில் முடிச்சிடுங்கள்.

இரண்டாவது படிதான் இந்த வேலையின் உயிர். இங்கே செலவிடும் நேரத்தை மிச்சப்படுத்தப் பார்க்கக் கூடாது. கண்ணாடியின் விளிம்பை ஒட்டி ஊசியை அடியிலிருந்து மேலே எடுத்து, வில்லையின் மேல் ஓரத்திலிருந்து மூன்றிலொரு பங்கு தள்ளி, அதன் முகப்பின் மேலாக ஒரு குறுக்கு நூலாக இழுத்து, எதிர் விளிம்பில் இறக்குங்கள். அதேபோல் கீழ் ஓரத்திலிருந்தும் மூன்றிலொரு பங்கு தள்ளி ஒரு குறுக்கு நூல் போடுங்கள். பிறகு இரண்டு நெடுக்கு நூல்களைப் போடும்போது, குறுக்கு நூலைச் சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஊசியை அதன் அடியில் நுழைத்து ஒரு சுற்று சுற்றிச் செல்லுங்கள். இப்போது நடுவில் ஒரு சதுரம் தெரியும். அதன்மேல் இதேபோன்ற இன்னொரு சதுரத்தைச் சாய்வாகப் போட்டால், எட்டு முனைகள் கொண்ட கட்டம் கிடைக்கும். இந்த நூல்கள் வீணைத் தந்திபோல் விறைப்பாக இருக்க வேண்டும். அவை தளர்ந்திருந்தால், அடுத்த படியில் ஓரத்துக்கு இழுபட்டு வில்லை வெளியே வந்துவிடும். ஓரத்துக்கு மிக அருகில் போட்டிருந்தாலும் இதே கதிதான். விரலால் தள்ளிப் பார்த்து, வில்லை அசைந்தால், தயங்காமல் பிரித்துவிட்டு மறுபடி போடுவதே நல்லது.

மூன்றாவது படியில், கண்ணாடியை ஒட்டித் துணியில் ஊசியை மேலே எடுத்து, வில்லையின் நடுப்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் கட்டநூல்களின் அடியில் நுழையுங்கள். நூல் ஊசி முனைக்குக் கீழே வளைந்து கிடக்கும்படி வைத்து இழுத்தால், காஜா எடுத்ததுபோல் ஒரு கண்ணி விழும். உடனே, நூல் துணியிலிருந்து வெளிவந்த இடத்தை ஒட்டி, கண்ணிக்குள்ளேயே ஊசியை இறக்கி, விளிம்போரமாகச் சற்று முன்னே எடுத்து, நூலை மறுபடி முனைக்குக் கீழே வைத்து இழுங்கள்; இது சங்கிலித் தையலில் ஒரு கண்ணிதான். கட்டநூலில் ஒன்று, துணியில் ஒன்று என்று மாறி மாறி ஒரே திசையில் சுற்றிவர, கட்டநூல்கள் ஓரத்துக்கு ஒதுங்கி, நடுவே வட்டமாகக் கண்ணாடி திறந்துகொள்ளும். கண்ணிகளை நெருக்கமாக இடுங்கள். இடைவெளி விட்டால் அடியிலுள்ள கட்டநூல் வெளியே தெரியும்.

பாதியில் நூல் தீர்ந்தால், துணியில் கண்ணி போட்டு முடித்த பிறகு மாற்றுவது எளிது. சுற்று நிறைந்ததும் ஊசியைப் பின்பக்கம் இறக்கி, மூன்று நான்கு தையல்களின் அடியில் நூலைச் செருகி வெட்டிவிடுங்கள்.

முதல் வில்லையின் கண்ணிகள் ஏற்றத்தாழ்வாகத்தான் அமையும். அதைச் சுற்றிச் சங்கிலித் தையலில் ஒரு வட்டம் ஓட்டினால் கோணல் பெரும்பாலும் மறைந்துவிடும். கருஞ்சிவப்புத் துணியில் மஞ்சள் நூல் நன்றாக எடுபடும். பையிலோ தலையணை உறையிலோ தைத்திருந்தால், கையாலேயே அலசி, முறுக்கிப் பிழியாமல், பின்பக்கம் வெளியே தெரியும்படி நிழலில் உலர்த்துங்கள். இஸ்திரி போடும்போது கண்ணாடிப் பக்கத்தை மடித்த துண்டின் மேல் கவிழ்த்து, வில்லைகளை விலக்கி, அவற்றின் இடைவெளியில் மட்டும் தேயுங்கள்.