டர்பைன் லாரிக்கு முதலில் சாக்பீஸ் கணக்கு

சத்துவாச்சாரியில் பைபாஸை ஒட்டி இருபது வருஷமாக ஹைட்ராலிக் பட்டறை வைத்திருக்கிறேன். டிப்பர் ஜாக்கியும் மிக்சர் லாரி பம்பும்தான் பிழைப்பு. போன மாதம் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிற பையன் ஒருவன் வந்தான். "அண்ணா, சின்ன கேஸ் டர்பைன் வைத்து, கிளட்சும் கியர்பாக்ஸும் இல்லாமல் ஆயிலாலேயே லாரியை ஓட்ட முடியுமா?"

முடியும். டர்பைன் பம்பைச் சுற்றும், பம்ப் தள்ளும் ஆயில் ஹைட்ராலிக் மோட்டாரைச் சுற்றும், மோட்டார் சக்கரத்தைச் சுற்றும். டர்பைன் லாரி புதுசும் இல்லை. 1950லேயே அமெரிக்காவில் கென்வொர்த் லாரியில் போயிங் டர்பைன் வைத்து ஓட்டினார்கள். 1964ல் ஃபோர்டு 600 குதிரைத்திறனில் ஒன்று செய்தது. கேஸ் என்றதும் சிலிண்டரைத் தேட வேண்டாம், எரிந்து விரியும் சூட்டுக் காற்று இறக்கைச் சக்கரத்தைச் சுற்றுவதுதான் இது; டீசலிலும் ஓடும். ஆனால் சேஸிஸில் கை வைக்கும் முன் தரையில் சாக்பீஸால் போட வேண்டிய கணக்கு இருக்கிறது.

முதலில் இழுவை. 28 டன் வண்டி, இருபதுக்கு ஒன்று ஏற்றம். ஏற்றத்துக்குச் சுமார் 13,700 நியூட்டன், டயர் உருளும் தடைக்கு 2,200. மொத்தம் 16,000 என்று வை. 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, சக்கரத்தில் 133 கிலோவாட் வேண்டும். பம்பும் மோட்டாரும் ஆளுக்குப் பத்து சதவீதம் தின்னும். அப்போது பம்ப் தண்டில் 165 கிலோவாட்.

இங்கேதான் நம்ம ஊர் குறுக்கே வருகிறது. டர்பைனின் திறனை 15 டிகிரி காற்றுக்குத்தான் எழுதித் தருவார்கள். காற்று சூடாக ஆக அது மெலிந்துவிடும், டர்பைனும் தளரும். அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் 40 தாண்டும்போது ஆறில் ஒரு பங்கு போனதாக வைத்துக்கொள். தாளில் 200 கிலோவாட் உள்ளதுதான் இங்கே 165 தரும்.

அடுத்தது ஆயில். கிலோவாட்டை 600ஆல் பெருக்கி, பாரில் சொல்லும் அழுத்தத்தால் வகுத்தால் நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் என்று வரும். 165ல் பம்ப் தின்றது போக ஆயிலுக்கு வருவது 148 கிலோவாட், அழுத்தம் 300 பார் என்றால் கிட்டத்தட்ட 300 லிட்டர்.

மோட்டாரின் அளவை ஓடுகிற வேகத்தை வைத்துப் பார்க்காதே, நின்ற இடத்திலிருந்து கிளம்புவதை வைத்துப் பார். ஏலகிரிக்குச் சுமையோடு போகிற வண்டி வளைவில் நின்றுவிட்டால், பத்துக்கு ஒன்று ஏற்றத்தில் 30,000 நியூட்டன் இழுக்க வேண்டும். சக்கர ஆரம் அரை மீட்டர், பின் ஆக்சில் ஆறுக்கு ஒன்று (மோட்டார் ஆறு சுற்றினால் சக்கரம் ஒன்று) என்றால் மோட்டார் தண்டில் 2,500 நியூட்டன் மீட்டர். அதை 62.8ஆல் பெருக்கி 350 பாரால் வகுத்தால் 450 வரும். தேய்மானத்தையும் சேர்த்து 500 சிசி, அதாவது ஒரு சுற்றுக்கு மோட்டார் குடிக்கும் ஆயில். 250 சிசி மோட்டார் இரண்டு போதும்.

பையன் முகம் மலர்ந்தது. கொஞ்சம் பொறு என்றேன். 300 லிட்டர் ஆயிலில் 500 சிசி மோட்டார் நிமிஷத்துக்கு 600 சுற்றுதான். வண்டி 19 கிலோமீட்டரிலேயே நின்றுவிடும். அதனால் கோணம் மாறுகிற மோட்டார்தான் எடுக்க வேண்டும்; உள்ளே இருக்கும் சாய்வைக் குறைத்தால் சுற்றுக்குக் குடிக்கும் ஆயிலும் குறையும். 60 கிலோமீட்டரில் போகும்போது அதே மோட்டார் 150 சிசிக்குச் சுருங்க வேண்டும். கியர் மாற்றுகிற வேலையை இந்தக் கோணமே பார்த்துக்கொள்ளும்.

சூட்டை மறக்கக் கூடாது. உள்ளே 165, வெளியே 133. மீதி 32 கிலோவாட் ஆயிலில் சூடாக இறங்கும். 2,000 வாட் கீசர் பதினாறை ஆயில் டேங்கில் முக்கி வைத்த மாதிரி. கூலருக்கும் ஃபேனுக்கும் இடம் ஒதுக்கிவிட்டு மற்றதைப் பொருத்து. ஆயில் 46 வேண்டாம் (அது ஆயிலின் தடிமனைச் சொல்லும் எண்), நம்ம வெயிலுக்கு நான் 68தான் ஊற்றுவேன்.

எரிபொருள் கணக்குதான் கசப்பு. சின்ன டர்பைன் இருபது சதவீதம் தந்தாலே அதிகம். 165 கிலோவாட்டுக்கு மணிக்கு 83 லிட்டர் டீசல். புகைச் சூட்டை உள்ளே வரும் காற்றுக்கே திருப்பித் தரும் ரெக்யூபரேட்டர் வைத்தால் 55. சாதா டீசல் இன்ஜின் 41ல் முடித்துவிடும். பள்ளிகொண்டா டோல்கேட்டில் நிற்கும்போதும் டர்பைன் குடித்துக்கொண்டேதான் இருக்கும். ஆகவே அதை முழுச் சுமையில் ஒரே வேகத்தில் ஓட்டி, நைட்ரஜன் அக்யூமுலேட்டரில் (நைட்ரஜனை ஆயிலால் அமுக்கி வைக்கும் உருளை) அழுத்தத்தைச் சேர்த்துக்கொண்டு, நிறைந்ததும் அணைக்கிற மாதிரி அமை. பிரேக் போடும் சக்தியும் அதிலேயே சேரும். 40 கிலோமீட்டரில் போகிற 28 டன்னை நிறுத்தினால் 1.7 மெகாஜூல். 50 லிட்டர் அக்யூமுலேட்டர் ஒன்றில் அரை மெகாஜூல்தான் அடங்கும், குறைந்தது நாலு வேண்டும். நைட்ரஜன் தவிர வேறெதையும் அடைக்காதே. ஆக்சிஜன் ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும்.

இவ்வளவும் எழுதி முடித்ததும் அவனிடம் சொன்னேன்: டர்பைன் அப்புறம். பழைய மிக்சர் பம்பும் மோட்டாரும் வாங்கி, ஒரு டீசல் இன்ஜினில் மாட்டி, மேசை மேல் ஓட்டிப் பார். அதையும் ரோட்டுக்குக் கொண்டுவராதே. பதிவான வண்டியில் இன்ஜினை மாற்ற ஆர்டிஓ அனுமதி வேண்டும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பம்ப் கேஸின் மேல் துளை வழியாக ஆயில் வழிகிற வரை ஊற்று. ஒருமுறை அவசரத்தில் நான் ஊற்றவில்லை. அரை நிமிஷத்தில் கிறீச்சென்றது; திறந்தால் பிஸ்டன் ஷூவின் பித்தளை பொடியாகக் கிடந்தது. இன்ஜினைப் பற்ற வைக்காமல் இரண்டு மூன்று தடவை சுற்ற விடு. சார்ஜ் கேஜ் (பம்புக்கு ஊட்டும் ஆயிலின் அழுத்தம் காட்டுவது) முள் எழுந்தால் பற்ற வை; ஓடும்போது 20 பாரைத் தொடுகிறதா பார். தொடவில்லையென்றால் நிறுத்து. கசிவு தேடக் கையை வைக்காதே, ஊசி முனை ஓட்டையில் வரும் ஆயில் தோலுக்குள் ஏறிவிடும். அட்டையை ஓஸ் பக்கத்தில் நகர்த்து. நனைந்த இடத்தில் சாக்பீஸால் குறி போட்டு, இன்ஜினை அணைத்து, அக்யூமுலேட்டரைக் காலி பண்ணி, கேஜ் பூஜ்யம் காட்டிய பிறகு ஸ்பேனரை எடு.