மழைக்காட்டில் முதல் நாள்: பறவை பார்க்கவும் படமெடுக்கவும்

மழைக்காட்டுக்குள் முதல்முறை போனால் எல்லாப் பக்கமும் குரல் கேட்கும், ஒன்றும் கண்ணில் படாது. பல பறவைகள் 30 மீட்டர் உயரத்து இலைக்கூட்டத்தில் இருக்கும். கீழேயோ, வெயிலில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் தரை தொடும்.

1. பைனாகுலர் 8×42 (8 மடங்கு பெரிதாக்கும், முன்லென்ஸின் அகலம் 42 மி.மீ.) போதும். 10 மடங்கு என்றால் கைநடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். ஏசி அறையில் தங்கினால், கிளம்ப அரைமணி முன்பே கேமராவைப் பையோடு வெளியே வைத்துவிடுங்கள். நான் அப்படிச் செய்யாத காலையில், தலைக்கு மேல் இருவாச்சி ஒன்று புஸ்புஸ்ஸென்று சிறகடித்துப் போனது. நான் ஆவி படிந்த லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கால்களுக்கு அட்டைக்கடி தடுக்கும் சாக்ஸ், கேமராவுக்கு மழையுறை.

2. விடிந்த முதல் மூன்று மணி நேரத்தை வீணாக்காதீர்கள். நிறைய நடக்கவும் வேண்டாம். பழுத்த அத்திமரம் கிடைத்தால் அதனடியிலேயே உட்காருங்கள். குக்குறுவான், இருவாச்சி, புறா எல்லாம் தேடி வரும்.

3. வெகுநேரம் காடு வெறிச்சென்று கிடக்கும். திடீரென நாலைந்து இனப் பறவைகள் ஒன்றாக இலைகளைக் கிளறிக்கொண்டு கடந்து போகும். இதுதான் கலப்புக் கூட்டம். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், அதனால் முதலில் பாருங்கள், பிறகு படம். ஆசியக் காடுகளில் இந்தக் கூட்டத்தோடு துடுப்புவால் கரிச்சான் திரியும். மற்ற பறவைகளைப் போலவே கத்தும். குரலை மட்டும் நம்பிப் பெயரைக் குறித்துவிடாதீர்கள், நான் ஏமாந்திருக்கிறேன்.

4. அப்பர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையை, முழுதாகத் திறங்கள். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு ஷட்டர் 1/250 நொடி, ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு அளவு) 3200 அல்லது 6400. புள்ளி புள்ளியாக வருமே என்று பயம் வேண்டாம். அதைப் பிறகு குறைக்கலாம், ஆடிப்போன படத்தை என்ன செய்ய? ஃபோகஸுக்கு ஒற்றைப் புள்ளி, இல்லையென்றால் முன்னால் நிற்கும் இலைதான் பளிச்சென்று விழும். வெளுத்த வானம் பின்னால் இருந்தால் பறவை கரிக்கட்டையாகிவிடும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +1 முதல் +2 வரை ஏற்றுங்கள். கேமரா சுருக்காமல் சேமிக்கும் ரா (RAW) ஃபைலாக எடுங்கள், பிறகு திருத்த வசதி.

5. கூடு தெரிந்தால் விலகிவிடுங்கள். செல்போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் வேண்டாம், அது எதிரி வந்ததாக நினைத்து அலைந்து களைத்துப்போகும்.

6. திரும்பியதும் ஈரம் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் லென்ஸை வையுங்கள். ஈரப்பையிலேயே விட்டால் பூஞ்சை பிடித்துவிடும்.